பேனரில் முளைத்த கால்

ராணுவ வேலைக்குப் பயிற்சி தரும் அகாடமியின் விழா அன்று, கல்யாண மண்டபத்தில் அதன் டைரக்டர் மணிமாறன் சார் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் வார்டு கவுன்சிலரும், சால்வை போர்த்துவதற்கென்றே வந்திருந்த நகைக்கடைக்காரர் ஒருவரும் இருந்தார்கள். முன்வரிசைகளில் பெற்றோர்கள், நல்லூர், மங்கலம்பேட்டை, ஸ்ரீமுஷ்ணம் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரே மாதிரி டீ சர்ட்டும் ஒட்ட வெட்டிய தலையுமாக அகாடமிப் பையன்கள். கதவோரம் பேனர் அடித்துக்கொடுத்த சாதிக். மேடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நான்.

வராதவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் அம்மா. "அந்தப் படத்த இன்னொரு தடவ பாக்கறதுக்கு நான் எதுக்குடா வரணும்" என்று கேட்டுவிட்டு, காலையிலேயே பீங்கான் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டாள். இன்னொருவர் ஹவில்தார் தனசேகர். சர்வீஸ் முடிந்து வேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறார். அவரை யாரும் கூப்பிடவில்லை. அந்த மேடையில் நான் உயிரோடு உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் அவர்தான் என்பது மண்டபத்தில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

நான் ராணுவத்தில் ரிடையர் ஆனவன் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். வயது இருபத்தேழு. இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அதனால் பென்ஷன் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நூலகத்து வாசகர் வட்டத்தினர் ஆண்டு மலருக்குப் பணி அனுபவம் எழுதித் தரச் சொன்னபோது கூச்சமாக இருந்தது. மலரில் எழுதுகிற மற்றவர்கள் ஒரு ஆயுள் முழுக்க வாத்தியார் வேலையோ ரயில்வே வேலையோ பார்த்தவர்கள். நான் என்னத்தை எழுதுவது? அந்த மண்டபத்துக்குப் போய்வந்த பிறகு கூச்சம் போய்விட்டது. வயிற்றெரிச்சல்தான் மிச்சம். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா லாரிக்குக் களிமண் லோடு ஏற்றினார். நான் ஒன்பதாவது படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா பீங்கான் பொம்மைகளுக்குக் கை கால் ஒட்டுகிறவள். பொம்மையின் உடம்பை ஒரு அச்சில் வார்ப்பார்கள், கையையும் காலையும் தனித்தனி அச்சில். ஈரம் முழுக்கக் காய்வதற்குள் களிமண் கூழைத் தொட்டு உடம்பில் ஒட்டி, ஸ்பாஞ்சால் துடைத்து, ஒட்டிய இடமே தெரியாமல் செய்ய வேண்டும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மாவுக்கு இதுதான் வேலை. அந்தப் புழுதி நெஞ்சில் இறங்கி இப்போது இருமல் நிற்பதில்லை. வேலையை விட்டே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் சம்பாதிக்கப் போனதும் விட்டுவிடுகிறேன் என்று சொல்லியிருந்தாள். நானும் போனேன். தங்கையின் நர்சிங் படிப்பு, வீட்டுக் கடன் என்று அவள் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்க, அவள் வேலையை விடுவதற்குள் நான் திரும்பி வந்துவிட்டேன். இப்போது வருகிற பென்ஷன் கடனுக்கும் படிப்புக்கும் சரியாகப் போய்விடுகிறது. எனக்கு இங்கே ஒரு வேலை கிடைத்தால்தான் அம்மா அந்தப் புழுதியை விட்டு வெளியே வர முடியும். அந்த வேலையைத்தான் மணிமாறன் சார் தருவதாகச் சொல்லியிருந்தார்.

அதற்கு வருமுன் நான் பார்த்த வேலையைச் சொல்லிவிடுகிறேன்.

பிளஸ் டூ முடித்த கோடையில் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்குகிறார்கள், பனியில் ஓடுகிறார்கள், கொடி பறக்கிறது, பின்னணியில் முரசு. அதில் யாருக்கும் மூச்சு வாங்கவில்லை. முகத்தில் இருந்த சேறுகூட பிரஷ்ஷால் தீட்டிய மாதிரி அழகாக இருந்தது. அதைத் தூங்கும்வரை பார்ப்பேன். பார்த்துவிட்டு விடியற்காலையில் மணிமுத்தாற்றங்கரை ஓரமாக ஓடுவேன்.

அந்த வீடியோவில் ஏமாந்துதான் போனேன் என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. மாதச் சம்பளம், பென்ஷன், கேன்டீன் இதெல்லாம் எங்களைப் போன்ற வீட்டுக்குச் சின்ன விஷயமா? போனதற்கு இன்றும் வருத்தமில்லை. ஆனால் எங்கள் ஊரில் சூளை வேலைக்கு ஒருவனைச் சேர்த்தால்கூட, மேஸ்திரி முதலில் அவனைச் சூளையின் வாய்ப்பக்கம் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துவார். "மூஞ்சில அனல் அடிக்குதா? இதான் வேல. முடியும்னா நாளைக்கி வா" என்பார். பாதிப் பேர் மறுநாள் வருவார்கள், பாதிப் பேர் வரமாட்டார்கள். வருகிறவன் தெரிந்து வருகிறான். என்னை யாரும் எந்த வாய்க்கு முன்னாலும் நிறுத்தவில்லை.

பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஓடினோம், தவழ்ந்தோம், திட்டு வாங்கினோம், திட்டு வாங்கியே இந்தி கற்றோம். போர்வையை ஒழுங்காக மடிக்காததற்கு டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றினேன். பயிற்சி முடிந்த அணிவகுப்பைப் பார்க்க அம்மா வந்தாள். ரயில் ஏறியது அதுதான் முதல் தடவை. சீருடையில் எல்லோரும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கவே, வேறு எவனோ ஒருவன் கையைப் பிடித்துக்கொண்டு "எளச்சிட்டியே கண்ணு" என்று அழுதாள். அவனும் அழுதுவிட்டான்.

பிறகு மலை. எந்த மலை என்று எழுதமாட்டேன். அங்கேதான் தனசேகர் சாரின் கீழ் போனேன்.

அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. நகத்தை எப்போதும் ஒட்ட வெட்டியிருப்பார். ரோந்து கிளம்புமுன் எங்களை வரிசையாக நிற்கவைத்து ஒவ்வொருவனிடமும் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "என்ன சாப்ட?" பதிலைவிட, பதில் சொல்கிற முகத்தைத்தான் பார்ப்பார். காய்ச்சல், தூக்கமின்மை, வீட்டோடு போனில் சண்டை எல்லாமே அவருக்கு அதில் தெரிந்துவிடும். தெரிந்தால் "நீ இன்னைக்கி சமையக்கட்டு" என்று சொல்லிவிட்டு வேறொருவனைக் கூப்பிடுவார். காரணம் சொல்லமாட்டார். சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டே நாமே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்தது பாக்கெட் சோதனை. சில்லறைக் காசு, சாவி, சத்தம் போடுகிற எதுவும் கூடாது. புதிதாக வந்த ஒருவன் துப்பாக்கியோடு நின்று போட்டோ எடுத்திருந்தான். சார் அந்தப் போனை வாங்கி நிதானமாகப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது. உங்க அம்மாவுக்கு மட்டும் அனுப்பாத. அவங்க உன்னப் பாக்க மாட்டாங்க, உன் பின்னாடி இருக்கற பள்ளத்தத்தான் பாப்பாங்க" என்றார்.

நடப்பதற்கும் ஒரு முறை உண்டு. ஒருவர் பின் ஒருவராகத்தான் போக வேண்டும். முன்னால் போகிறவர் கால் எடுத்த தடத்திலேயே பின்னால் வருகிறவன் கால் வைக்க வேண்டும். ரத்தத்தை நிறுத்துகிற பட்டை ஒன்று எல்லோரிடமும் உடம்பில் ஒரே இடத்தில் இருக்கும், இருட்டிலும் கை தேடாமல் போவதற்காக. அதைக் கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் கையால் கட்டப் பழக்குவார். டீ குடித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று "இடது கால்" என்பார். டம்ளரை வைத்துவிட்டுக் கட்ட வேண்டும். "வலது கை" என்பார். கட்ட வேண்டும். டீ ஆறிப்போகும். நாங்கள் அவருக்குக் கட்டு மாஸ்டர் என்று பெயர் வைத்திருந்தோம். அது அவருக்கும் தெரியும்.

அங்கே இருந்தவரை நான் எதிரி என்று ஒரு ஆளைக் கண்ணால் பார்த்ததில்லை. சுட்டதெல்லாம் பயிற்சி மைதானத்து அட்டையைத்தான். இரண்டு பக்கமும் குண்டு போட்டுக்கொண்ட நாட்களில் பதுங்கு குழியில் குந்திக்கொண்டிருந்தோம். பக்கத்தில் இருந்தவன் வாந்தி எடுப்பான். அதன் மேலேயே இடம் மாறாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். மேலே முரசெல்லாம் அடிக்காது. குண்டு நின்ற பிறகு யாராவது ஒருவன் சம்பந்தமில்லாமல் சாப்பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பிப்பான், எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்போம். அதுதான் நான் பார்த்த போர்.

அந்த வாரம் முழுக்க மழை. எங்கள் பாதைக்கு மேலே, சரிவில், கம்பிவேலி போட்டுச் சிவப்பு முக்கோணத் தகடு தொங்கவிட்ட இடம் ஒன்று இருந்தது. கண்ணிவெடி புதைத்த இடம். நம் ஆட்கள் எந்தக் காலத்திலோ புதைத்தது. மலைமண் இளகினால் வெடி புதைத்த இடத்தில் இருக்காது. மண்ணோடு சேர்ந்து நகர்ந்து வேலிக்கு வெளியே வந்துவிடும். இது அங்கே எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் நடந்துதான் ஆக வேண்டும், வேறு பாதை இல்லை. தனசேகர் சார் முன்னால் போனார், அவர் பின்னால் ஒருவன், மூன்றாவதாக நான். ஒரு திருப்பத்தில் சேறு வழுக்கி என் இடது கால் தடத்துக்கு ஒரு சாண் வெளியே ஊன்றிவிட்டது.

சத்தம் பெரிதாக இல்லை. லாரி டயர் வெடித்த மாதிரிதான். நெருப்புக் கோளம் எதுவும் எழும்பவில்லை. புகை, கருகிய வாடை, வாய் நிறைய மண். உருண்டு பாதைக்குக் கீழே சரிவில் கிடந்தேன். எழுந்து நிற்கப் பார்த்தேன், முடியவில்லை. ஏன் என்று குனிந்து பார்த்தேன். பார்த்ததை எழுத வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். எழுதாமல் விட்டால் பேனர் அடித்தவர்கள் செய்ததைத்தான் நானும் செய்கிறேன். பூட்ஸ் இருந்த இடத்தில் கிழிந்த தோலும், வெள்ளையாக எலும்பும், அதில் அப்பிய சேறும், சாக்ஸின் பச்சை நூலும் இருந்தன. பேண்ட்டிலேயே சிறுநீர் போயிருந்தது. கோஷம் எதுவும் வாயில் வரவில்லை. அம்மாவைத்தான் கூப்பிட்டேன்.

"யாரும் அசையாதீங்க" என்றார் தனசேகர் சார்.

அவர் ஓடி வரவில்லை. இதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்ல ஆசைப்படுகிறேன். அவர் ஓடி வரவில்லை. துப்பாக்கியைக் கழற்றி வைத்தார். பையிலிருந்து மெல்லிய, கூரான இரும்புக் கம்பியை எடுத்தார். குப்புறப் படுத்தார். கம்பியை மண்ணில் சாய்வாகச் செருகினார். நேராகக் குத்தினால் வெடியின் தலையில் அழுத்தும். சாய்வாகப் போனால் பக்கவாட்டில் தட்டி நிற்கும். செருகி, எடுத்து, இரண்டு விரல் தள்ளி மறுபடி செருகினார். உடம்பு நுழைகிற அகலம் முடிந்ததும், தன்னை ஒரு சாண் முன்னால் இழுத்துக்கொண்டு, மறுபடி ஓரத்திலிருந்து ஆரம்பித்தார். ஒன்று நகர்ந்து வந்த இடத்துக்கு இன்னொன்றும் வந்திருக்கலாம் இல்லையா?

கூப்பிடு தூரம்கூட இல்லை. எட்டி நடந்தால் நாலு தப்படி. அந்த நாலு தப்படியை அவர் சாண் சாணாக வந்தார். நான் கத்திக்கொண்டிருந்தேன்.

"பட்டைய எடு. இடது கால்" என்றார், தலையைத் தூக்காமல். டீ நேரத்தில் சொல்கிற அதே குரல்.

கை தானாகப் போய் எடுத்தது. ஆனால் வாய் நிற்கவில்லை. "யோவ், வந்து தூக்குய்யா" என்று கத்தினேன். எங்கள் ஊர்ச் சூளைகளில் கற்ற அத்தனை கெட்ட வார்த்தையும் சொன்னேன். அவரைப் பெற்றவளையும் விடவில்லை.

"திட்டு. திட்டிக்கினே கட்டு. இன்னும் இறுக்கு."

நடுவழியில் அவர் கம்பி எதிலோ தட்டியது. அசையாமல் கிடந்தார். மண்ணை விரலால் மெதுவாக விலக்கிப் பார்த்தார். அதன் ஓரத்தில் வெள்ளை நாடா ஒன்றை வைத்துவிட்டு, பின்னால் நகர்ந்து, பக்கவாட்டில் ஒதுங்கி, முதலிலிருந்து மறுபடி குத்த ஆரம்பித்தார். இன்னொரு வெடி. ஓடி வந்திருந்தால் சரியாக அதன்மேல்தான் கால் வைத்திருப்பார்.

என்னிடம் வந்து சேர்ந்ததும் கட்டைப் பார்த்தார், இன்னும் ஒரு முறுக்கு முறுக்கினார். பிறகு என் முகத்துக்கு நேராகக் குனிந்து "காலைல என்ன சாப்ட?" என்று கேட்டார். பூரி என்றேன். எத்தனை என்றார். அழுதுகொண்டே எண்ணிச் சொன்னேன். மேகம் கவிந்திருந்ததால் ஹெலிகாப்டர் வரவில்லை. கைமாற்றிக் கைமாற்றித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

ஆஸ்பத்திரி வார்டில் கிடந்தபோது ஒரு பண்டிகைக்கு டிவிக்காரர்கள் வந்தார்கள். இனிப்பு கொடுத்தார்கள். கேமரா வைத்திருந்த பையன் மரியாதையானவன்தான். ஒவ்வொரு கட்டிலாக வந்து போர்வையை இடுப்புவரை இழுத்துவிட்டான். பிறகு "சிரிங்க" என்று சைகை காட்டினான். நாங்களும் சிரித்தோம். அந்த வரிசையில் இருந்த எங்கள் யாருக்கும் இடுப்புக்குக் கீழே காட்டுகிற மாதிரி எதுவும் இல்லை என்று அவன் முடிவு செய்துவிட்டான். எனக்கு அன்றைக்குக் கோபப்படத் தெரியவில்லை.

ஊருக்கு வந்த பிறகு மணிமாறன் சார் வீடு தேடி வந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்தியவர். இப்போது ராணுவ, போலீஸ் வேலைக்குப் பயிற்சி தரும் அகாடமி நடத்துகிறார். ராணுவத்தில் நாலு வருஷத்துக்கு மட்டும் ஆள் எடுக்கத் தொடங்கியதிலிருந்து இம்மாதிரி அகாடமிகள் நம் பக்கம் காளான் மாதிரி முளைத்திருக்கின்றன. "நீங்க ஒக்காந்த எடத்துல விசில் அடிச்சா போதும் தம்பி. மாசம் பதினஞ்சாயிரம்" என்றார். கதவருகில் நின்றிருந்த அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய் இருமினாள். அவளுக்கு அந்தத் தொகையின் அர்த்தம் என்னைவிட நன்றாகத் தெரியும்.

அவர் ஒரு போட்டோ கேட்டார். புனேயில் செயற்கைக் கால் அளவெடுக்கப் போனபோது எடுத்ததைக் கொடுத்தேன். முழுச் சீருடையில் அக்குளில் கட்டைக்கோல் ஊன்றி நிற்பேன். பேண்ட்டின் இடது கால் மடித்து ஊக்கு குத்தியிருக்கும். அதைப் பார்த்தபோது அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அதை நான் மறுக்கவில்லை.

அடுத்த வாரம் எங்கள் ஊர்ப் பாலக்கரையில் பேனர். எனக்குப் பின்னால் டேங்க், தீப்பிழம்பு, மேலே இரண்டு விமானங்கள். என் முகம் சினிமாக்காரன் மாதிரி வெளுத்திருந்தது. கட்டைக்கோல் போய்த் துப்பாக்கி வந்திருந்தது. மடித்துக் குத்திய பேண்ட் நீண்டு, அதன் முனையில் பளபளவென்று ஒரு பூட்ஸ். "எல்லையில் எதிரிகளைச் சிதறடித்த நம்ம ஊர் சிங்கம்! அடுத்த சிங்கம் நீயா?" என்று எழுத்து. எதிரி! என் காலை எடுத்தது மழையும், நாமே வைத்த வெடியும்.

அம்மா வேலைவிட்டு வரும்போது ஷேர் ஆட்டோவிலிருந்து பார்த்திருக்கிறாள். வந்ததும் கையைக் கழுவிக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தாள்.

"கால் ஒட்டியிருக்கானுங்க, பாத்தியா?"

பார்த்தேன் என்றேன்.

"ரெண்டும் சோத்தாங்காலு" என்றாள். "எங்க கம்பெனில நேத்து வந்த பொண்ணு கூட அச்ச மாத்தி எடுக்க மாட்டா. எடுத்தா மேஸ்திரி அத ஒடச்சி கூழ்த் தொட்டில போட்டுருவாரு."

மறுபடி போய்ப் பார்த்தேன். ஆமாம். இரண்டு பூட்ஸும் ஒரே பக்கம் வளைந்து, இரண்டும் வலது கால். டீக்கடையில் அதற்குள் பேச்சு கிளம்பிவிட்டது. சிங்கம் நேராக நடக்குமா, வட்டமாக நடக்குமா என்று ஒருவர் கேட்டார்.

சாதிக் என்னோடு படித்தவன். கடைக்குப் போனதும் எழுந்து நின்றுவிட்டான். "மச்சான், நல்லதுன்னு நெனச்சித்தான்டா செஞ்சேன். முழு ஆளா வேணும்னு டைரக்டர் சொன்னாரு. நெட்டுல தேடுனா எல்லாம் வெளிநாட்டுக்காரன் காலு, பேண்ட் கலர் சேரல. உன் வலது காலயே எடுத்து இந்தப் பக்கம் ஒட்டுனேன். திருப்பிப் போட மறந்துட்டேன்." காலை எடுத்துவிடு என்றேன். அவன் உடனே டைரக்டருக்குப் போன் போட்டுக் கொடுத்தான். அவர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். நாளைக்கே புதுப் பேனர் வந்துவிடும் என்றார்.

வந்தது. இப்போது இடது பூட்ஸ் சரியான பக்கம் வளைந்திருந்தது. தரையில் அதற்கு நிழல்கூட விழுந்தது. அப்படியே சூளையில் வைக்கலாம், அவ்வளவு சுத்தமாக ஒட்டியிருந்தார்கள்.

அகாடமிக்கே போனேன். இல்லாத காலை எதற்கு வைக்கிறீர்கள் என்று கேட்டேன். மணிமாறன் சார் எனக்கு டீ வரவழைத்தார். "தம்பி, பிரியாணிக் கடை போர்டுல பிரியாணியத்தான் போடுவாங்க. ஆட்ட வெட்டறதப் போட்டா யாரு உள்ள வருவா?" என்றார். விழாவுக்கு மட்டும் செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு, பேண்ட்டை இறக்கிவிட்டு வந்து, நாலு வார்த்தை நல்லதாகப் பேசும்படி சொன்னார். ஒன்றாம் தேதியிலிருந்து வேலை. அவருக்கு நான் சொல்ல வேண்டிய பதில் படி இறங்கும்போதுதான் வந்தது: பிரியாணிக் கடைக்குச் சாப்பிட வருகிறவன் வேறு, ஆடு வேறு. உங்கள் போர்டைப் பார்த்து வருகிறவன் யார் சார்?

விழாவுக்குக் கட்டைக்கோலோடு, பேண்ட்டை மடித்து ஊக்கு குத்திக்கொண்டுதான் போனேன். டைரக்டர் என் காலைப் பார்த்துவிட்டு மேடை நாற்காலியைக் காட்டினார். முதலில் வீடியோ போட்டார்கள். ஒருவன் குண்டு மழைக்கு நடுவே ஓடிப்போய், விழுந்து கிடக்கும் நண்பனைத் தோளில் தூக்கிக்கொண்டு, தீயிலிருந்து வெளியே ஓடி வருகிறான். தூக்கப்பட்டவனின் நெற்றியில் மட்டும் ஒரு கோடு ரத்தம். பையன்கள் விசில் அடித்தார்கள். பிறகு மைக்கை என்னிடம் கொடுத்தார்கள்.

நான் பேச்சாளன் இல்லை. கம்பியை எப்படிச் செருக வேண்டும் என்பதிலிருந்து ஆரம்பித்து, மேலே எழுதியதை எல்லாம் சொன்னேன். ஓடி வராத மனிதரைப் பற்றிச் சொன்னேன். பேண்ட் நனைந்ததையும் சொன்னேன். பேனரில் இருக்கிற கால் என்னுடையது இல்லை, சாதிக் ஒட்டியது என்று சொன்னபோது சாதிக் தலையைக் குனிந்துகொண்டான். வேலைக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. என்ன வேலை என்று சொல்லி அனுப்புங்கள் என்றுதான் சொன்னேன்.

பின்வரிசையில் ஒரு பையன் எழுந்தான். "அண்ணே, நீங்க எத்தன பேரச் சுட்டீங்க?"

"ஒருத்தரையும் இல்லப்பா."

அவன் உட்கார்ந்துவிட்டான். அவன் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. ஆனால் அவனை நான் குற்றம் சொல்லமாட்டேன். அவன் அந்த வீடியோவின் பிள்ளை. அவன் வயதில் நானும் அப்படித்தான்.

அப்போது பெற்றோர் பக்கத்திலிருந்து ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு எழுந்தார். நல்லூர்ப் பக்கத்து விவசாயி. பித்தவெடிப்பு படர்ந்த கால்கள்.

"காலு போச்சின்னா பென்ஷன் எவ்ளோ வரும் தம்பி?"

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு வருவதைச் சொன்னேன். அவர் மனதுக்குள் ஏதோ கூட்டிக் கழித்தபடி உட்கார்ந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கால் போகும் என்பதை நம்பிக் கேள்வி கேட்டவர் அந்த மண்டபத்தில் அவர் ஒருவர்தான். அப்படிக் கேட்கிற நிலையில் அவரை வைத்திருப்பவர்கள்மேலும், அந்த நிலையைத் தெரிந்துகொண்டு அவர் கண்ணெதிரே தீப்பிழம்பும் விமானமும் வரைந்து காட்டுகிறவர்கள்மேலும்தான் என் ஆத்திரம் எல்லாம்.

மணிமாறன் சார் சிரித்த முகமாக மைக்கை வாங்கிக்கொண்டு, "நம்ம சிங்கத்துக்கு ஒரு பெரிய கைதட்டல்" என்றார். தட்டினார்கள். பாட்டு போட்டார்கள். நகைக்கடைக்காரர் சால்வை போர்த்தினார். மேடைக்குப் பின்னால் வந்ததும் மணிமாறன் சார் முகம் வாடியிருந்தது. "கொழந்தைங்க மனச ஒடச்சிட்டீங்களே தம்பி" என்றார். அது நடிப்பில்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைக்கிறார். நீங்கள் கொஞ்ச காலம் ஓய்வெடுங்கள், வேலையைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்றார். பேனரையாவது எடுங்கள் என்றேன். அனுமதி வாங்கி வைத்தது, மாதக் கடைசிவரை இருக்கட்டும் என்றார்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் வேலை இல்லை என்று சொன்னேன். அவள் இருமி முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"அப்ப நாளைக்கும் போவணும்" என்று அடுப்படிக்குப் போனாள். அங்கிருந்தே குரல் வந்தது. "அவன் ஒட்டுன கால வச்சிக்கினு நீ சம்பளம் வாங்கியாந்து, அதுல நான் வூட்ல குந்திக்கினு தின்னா எனக்கு எறங்குமா? வந்து சாப்புடு."

தனசேகர் சாருக்குப் போன் போட்டேன். முதல் கேள்வி, என்ன சாப்ட. ரசம் சாதம் என்றேன். இரண்டு வலது கால் கதையைக் கேட்டு வெகுநேரம் சிரித்தார். மண்டபத்தில் நடந்ததைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அந்தப் பசங்களுக்குப் பட்டைய எப்படிக் கட்டறதுன்னு சொல்லிக் குடுத்தியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அதச் செஞ்சிருக்கலாம்ல. போறவன் எப்படியும் போவத்தான் போறான்" என்றார்.

அதனால் நான் ஒரு பேனர் அடித்தேன். அதே புனே போட்டோ. கட்டைக்கோல் கட்டைக்கோலாக, மடித்த பேண்ட் மடித்தபடி, பின்னால் எதுவும் இல்லாமல். கீழே இவ்வளவுதான் எழுத்து: "இதுவும் அந்த வேலையில் உண்டு. போகிறவர்கள் ரத்தத்தை நிறுத்தக் கட்டுப் போடத் தெரிந்துகொண்டு போங்கள். ஞாயிறு காலை, இந்த இடத்தில், இலவசமாகக் கற்றுத் தரப்படும்." அம்மா தன் கம்பெனி முதலாளியிடம் கேட்டு, ரோட்டைப் பார்த்த சுற்றுச்சுவரில் கட்ட இடம் வாங்கினாள். அகாடமிப் பையன்கள் தினமும் ஓடுகிற ரோடு அது. நேற்றுக் காலை கட்டினோம். கட்டி முடிப்பதற்குள் அவர்கள் கூட்டமாக ஓடிவந்தார்கள். சிலர் பார்த்தார்கள், சிலர் பார்க்காத மாதிரி போனார்கள். ஒருவன் பின்பக்கமாகத் திரும்பி ஓடிக்கொண்டே கடைசி வரிவரை படித்துவிட்டுப் போனான். ஞாயிற்றுக்கிழமை யார் வருவார்கள் என்று எனக்குத் தெரியாது.

சாதிக் காசு வாங்கமாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "ஓசில அடிச்சா அது உன் பேனரு தம்பி. எம்புள்ள படத்துக்கு நான் குடுக்கறேன்" என்று அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். எட்டுக்கு ஆறு பேனர், மரச்சட்டம், கட்டுக்கம்பி எல்லாம் சேர்த்து ஆயிரத்து ஐம்பது ரூபாய். அம்மாவின் மூன்று நாள் கூலி.